கன்னத்து மச்சம்

"அறுபது வயசுல கண்ணாடி முன்னால அப்படி என்ன வேலை? உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டவதான், இன்னும் வரக் காணோம்," என்றாள் நாத்தனார், மூடிய கதவைப் பார்த்து. கேள்வி உள்ளே இருந்த அம்மாவுக்கு. சத்தம் என்னவோ கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும்.

மாமியாருக்கு அன்று பிறந்தநாள். விருந்தாளிகள் வந்தாயிற்று. கேக்கும் வந்தாயிற்று. பிறந்தநாள்காரியைத்தான் காணோம்.

"வயசாக ஆக அலங்காரம் கொஞ்சம் கூடத்தான் செய்யும்," என்று சித்தப்பா ஒருவர் சிரித்தார்.

சின்ன மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தை வெளியே வராமலே இருந்தால் தேவலை என்றிருந்தது.

சுவரில் வெள்ளைத் துணி போர்த்தி மாட்டியிருந்தது அவள் வரைந்த ஆயில் பெயிண்டிங். அத்தையின் முகம். முடிகிறவரை யாருக்கும் காட்டாமல், மாதக்கணக்கில் மாடி அறையில் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்து வரைந்தது. அவள் வரைவதை இந்த வீட்டில் யாரும் ஒரு வேலையாக மதித்ததில்லை. நாத்தனார் வைத்திருக்கும் பெயரே 'பெயிண்டரம்மா'. சுண்ணாம்பு அடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புவதாக ஒரு கிண்டல் வேறு. அத்தை கிண்டல் செய்ததில்லை. பாராட்டியதும் இல்லை. அத்தை யாரையுமே பாராட்டியதில்லை. இந்தப் படத்தைப் பார்த்தாவது ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாளா என்று சின்னவளுக்கு ஓர் ஆசை.

அந்த ஆசையில் காலையிலேயே மண் விழுந்தது. அத்தை டீயை நீட்டியபோது சின்னவள் அண்ணாந்து பார்த்தாள். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. படத்தில் வரைந்திருந்ததோ வலது கன்னத்தில்.

அந்த போட்டோ, அத்தையே எடுத்த செல்ஃபி. செல்போன் கண்ணாடி மாதிரி இடதை வலதாக்கி வைத்திருக்கிறது. போட்டோவையே பார்த்துப் பார்த்து, சின்னவள் தினமும் எதிரே நடமாடுகிற முகத்தைப் பார்க்க மறந்துவிட்டாள்.

அது சாதாரண மச்சமும் இல்லை. அதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே தலையாட்டினேன் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் மச்சம்.

அப்போதே கணவனை மாடிக்கு இழுத்துப் போய்ச் சொன்னாள்.

"அழிச்சுட்டு இந்தப் பக்கம் ஒரு புள்ளி வெச்சுடேன்," என்றான் அவன், ஏதோ சிலேட்டில் எழுதினதைச் சொல்வது போல.

"ஆயில் பெயிண்ட்டுங்க. இப்பத் தொட்டா காயறதுக்கு ஒரு வாரம் ஆகும். ஈரத்துல யாராவது கை வெச்சா முகமே இழுபட்டுப் போயிடும்."

"அப்ப இன்னிக்குப் படம் வேண்டாம். விட்டுடு."

"படம் வைக்கப் போறோம்னு உங்க அக்கா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. இப்ப வைக்கலன்னா, வரையவே தெரியலைன்னு ஆயிடும். வெச்சா, மாமியார் முகத்தைக்கூட ஒழுங்காப் பாக்காதவன்னு ஆயிடும்."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அது காலையில். இப்போது தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அத்தை வெளியே வந்தாள்.

"என்னம்மா இது, பவுடர் டப்பாவையே கவுத்துட்டியா?" என்றாள் நாத்தனார்.

"பொறந்தநாள் எனக்குத்தானே? நகரு."

சின்னவள் தலையைத் தூக்கவே இல்லை. அத்தையின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மாமனார் துணியை உருவினார்.

"உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு," என்றார் மூத்த பிள்ளை.

"அப்படியே அவதான்," என்று மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

நாத்தனார் மட்டும் கண்ணை இடுக்கிக்கொண்டு படத்தின் அருகில் போனாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு உதைக்குதே. இந்த மச்சம்…"

அத்தை நேராகப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள். "நல்லாப் பாரு. அங்கயும் வலது கன்னம். இங்கயும் வலது கன்னம். பெத்தவ முகத்துல மச்சம் எந்தப் பக்கம்னு தெரியல, குத்தம் மட்டும் சொல்ல வந்துட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் முகம் சுண்டிப் போயிற்று.

"வலதுதான், வலதுதான். எனக்குத் தெரியாதா?" என்றார் மாமனார்.

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். மச்சம் வலது கன்னத்தில்தான் இருந்தது. அப்படியானால் காலையில் பார்த்தது என்ன? பயத்தில் புத்தி பேதலித்துவிட்டதா? யாரோ கைகுலுக்கினார்கள், யாரோ தங்கள் அப்பாவையும் வரைந்து தரச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி வைத்தாள்.

விருந்தாளிகள் கிளம்பிய பிறகு அத்தை வாஷ்பேசினில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் துண்டோடு போய் நின்றாள்.

சோப்பு நுரையோடு பவுடர் கரைந்து ஓடியது. பின்னாலேயே வலது கன்னத்து மச்சமும் கறுப்பாக வழிந்து ஓடியது. பவுடர் போன இடது கன்னத்தில் பழைய மச்சம் பத்திரமாக இருந்தது.

"அத்தை…" என்றாள் சின்னவள்.

"காலையில மாடிக்கு வந்தேன். நீங்க ரெண்டு பேரும் பேசினது காதுல விழுந்துது." அத்தை துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் படத்தைத் திருத்தினா காயறதுக்கே ஒரு வாரம் ஆகும். என் முகத்தைத் திருத்த எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?"