சோதனை நோயாளி

"இந்தப் பதிவை அழிச்சுக் காட்டுங்க" என்றாள்.

நோயாளிப் பதிவு சாஃப்ட்வேரை விற்க வந்து, கம்ப்யூட்டர் முன்னால் குனிந்திருந்த கம்பெனிக்காரர் நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற பெரிய டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "எத்தனை கம்ப்யூட்டர்ல ஓடும்னு கேளு, மருந்துச் சீட்டு அடிக்குமான்னு கேளு. அழிக்கிறது, திருத்துறதுன்னு மட்டும் வாயைத் திறக்காதே. நம்மளை என்னன்னு நினைப்பான்?"

அவள் அந்த ஆஸ்பத்திரியின் மேனேஜர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். எதைக் கேட்டாலும் "படிச்ச திமிர்" என்பார் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரிக்குள் எல்லோரும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும், அவள் உட்பட.

"அழிக்கவா?" கம்பெனிக்காரர் சிரித்தார். "மேடம், நான் பண்ணின தப்பை என் வீட்டுக்காரிகூட மறந்துடுவா. இந்த சாஃப்ட்வேர் மறக்காது."

அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்து மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அவர் அழுத்திக் காட்டினார். திரையில் சிவப்புக் கட்டம் எழுந்தது: அனுமதி இல்லை.

"பாத்தீங்களா? தப்பா எழுதியிருந்தா மேல ஒரு கோடு போடலாம், காரணம் எழுதலாம். அடியில பழசு அப்படியே இருக்கும். யாரு கை வெச்சாங்கன்னும் இருக்கும். அதனாலதான் இதுக்குச் சான்றிதழே குடுத்திருக்காங்க."

"நான் ஓனர்" என்றார் பெரிய டாக்டர். "நானும் அழிக்க முடியாதா?"

"நீங்களும்தான் சார்."

"இப்ப இருக்கிற சாஃப்ட்வேர்ல முடியுதே."

"அதுக்குச் சான்றிதழ் இல்லையே சார்."

பெரிய டாக்டர் திரைக்குக் குனிந்தார். ட்ரையலுக்கு விட்ட ஒரு வாரத்தில் ஆளாளுக்குக் கற்பனை நோயாளிகளை ஏற்றி விளையாடியிருந்தார்கள். இந்த ஒன்று மட்டும் எலும்பு டாக்டரம்மா ஏற்றியது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சோதனை நோயாளி' என்றிருந்தது. பெண், இளவயது, விலா எலும்பில் விரிசல். அதற்குக் கீழே: 'விழுந்ததால் வந்த காயம் அல்ல. உதைபட்ட காயம். பழைய முறிவு ஒன்று வைத்தியம் பார்க்காமலே ஆறியிருக்கிறது.'

அவர் அதை வாய்க்குள்ளேயே படித்தார். அவருடைய கை அவள் நாற்காலியின் முதுகில் வந்து நின்றது.

"இதை யாரு ஏத்துனது?" குரல் மெதுவாகத்தான் வந்தது. அவர் கத்தும்போது அவளுக்குப் பயமில்லை. குரல் இறங்கினால்தான் உள்ளங்கை வியர்க்கும்.

"எலும்பு டாக்டரம்மா, சார்."

"வழுக்கி விழுந்ததுன்னு மாத்தச் சொல்லு."

"மாத்தினாலும் அடியில இருக்கும் சார்" என்றாள்.

"சும்மா ஏத்துன பேஷன்ட்தானே சார், எதுக்கு டென்ஷன்?" என்றார் கம்பெனிக்காரர்.

பெரிய டாக்டர் நிமிர்ந்தார். "நாங்க இதை வாங்கலைன்னா ட்ரையல்ல ஏத்துனதெல்லாம் என்ன ஆகும்?"

"சாயங்காலமே மொத்தத்தையும் துடைச்சிடுவோம் சார்."

"அப்ப வேண்டாம். நீங்க கிளம்பலாம்." அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

சாயங்காலத்துக்குப் பிறகு அந்த விலாவுக்குச் சாட்சி கிடையாது. உதை வாங்கியவள் வழுக்கி விழுந்தவளாகிவிடுவாள். அடுத்த முறை எழுந்திருப்பாளா என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

கம்பெனிக்காரர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "டாக்டரைக் கேக்காமலே நோயாளி தன்னோட பதிவை எடுத்துக்கலாம்னு சொன்னீங்களே. அது எந்தப் பட்டன்?"

"போதும்" என்றார் பெரிய டாக்டர்.

வியாபாரம் இன்னும் சாகவில்லை என்று கம்பெனிக்காரருக்கு ஒரு நப்பாசை. "இதோ, இதுதாங்க. அழுத்துனா நோயாளியோட போனுக்கும் போகும், அவங்க சொல்லியிருக்கிற இடத்துக்கும் போகும். போனது போனதுதான், எங்களால கூடத் திரும்ப இழுக்க முடியாது. ட்ரையலா இருந்தாலும் நம்பர் சரியா இருந்தா நிஜமாவே போயிடும்." திரையை உற்றுப் பார்த்தார். "அட, எல்லாம் நிரப்பித்தான் வெச்சிருக்காங்க. அரசு ஆஸ்பத்திரி, வக்கீல் ஆபீஸ்..."

நாற்காலி முதுகிலிருந்த கை அவள் தோளுக்கு ஏறியது. விரல்கள் அழுந்தின.

அவள் பட்டனை அழுத்தினாள்.

மேஜைக்குக் கீழே, அவளுடைய கைப்பைக்குள், போன் அதிர்ந்தது.

கம்பெனிக்காரர் பையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டாள். பையை மாட்டிக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்தாள். வெளியே காத்திருந்த கூட்டம் மொத்தமும் உள்ளே எட்டிப் பார்த்தது.

"மேடம், அந்தப் பேஷன்ட் நீங்களா?" கம்பெனிக்காரருக்கு இன்னும் பிடிபடவில்லை. "அதுக்கு சார் ஏன் இப்படிப் பதறுறாரு?"

வாசலைத் தாண்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"நான் அவரு பொண்டாட்டிங்க."