ஒன்பதாம் எண் பல்

எக்ஸ்ரே கற்றை மறுபடியும் நகர்ந்தது.

நூறு மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்தான். ஆனால் பல்லுக்குள் அது ஒரு மாதம்.

வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் அந்தக் கற்றையை அசையாமல் நிறுத்துவதுதான் வித்யாவின் வேலை. இன்று பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில், கலைவாணியின் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து மடிக்கணினியில் அதைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிக்னல் அங்கேதான் கிடைத்தது.

கற்றைக்குப் போனவை குப்பத்துக் குழந்தைகள் பத்துப் பேரின் பால்பற்கள். மரத்தில் வளையம் போலப் பல்லில் மாதாமாதம் ஒரு வரி படியும். ஈயம் உருக்கும் ஆலை வந்த பிறகுதான் இந்த உடம்புகளில் ஈயம் ஏறியது என்று அந்த வரிகள் காட்ட வேண்டும். திங்கட்கிழமை வழக்கு.

ஆள் பார்த்து அளந்தார்கள் என்று யாரும் குறை சொல்லக் கூடாது என பற்களுக்கு எண் மட்டுமே இட்டிருந்தார்கள். எந்த எண் யாருடையது என்பது பல்லைக் கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆய்வகத்தில் ஒன்பதாம் பல்லின் மேல் கற்றையைத் திருப்பும் கண்ணாடி சூடேறிச் சாய்ந்துகொண்டிருந்தது. நிமிர்த்தினாள். சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தும்போது சிக்னல் அறுந்தது.

கலைவாணி எழுந்து, ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த போனைக் கடல் பக்கம் திருப்பினாள். மீன் விற்கப் போகாமல் காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தாள்.

சிக்னல் வந்தபோது கற்றை ஒரே இடத்தைச் சுட்டு முடித்திருந்தது. பல்லின் பாதி கருகி, குறுக்கே விரிசல்.

ஆய்வகத்திலிருந்து தானியேல் எழுதினான்: நமக்கு ஒதுக்கிய நேரத்தில் இருபது நிமிடம்தான் இருக்கிறது. ஒரு பல்லுக்குத்தான் போதும். ஒன்பதை எடுத்துவிட்டுப் பத்தை வைக்கட்டுமா?

வித்யா கலைவாணி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒம்பதாம் நம்பர் எந்த வூட்டுக் கொழந்தன்னு கேட்டுச் சொல்றீங்களா? இன்னொரு பல்லு குடுத்தாங்கன்னா அப்பறமா பாத்துக்கலாம்."

கலைவாணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொண்ணு விழற வரிக்கும் எம் பொண்ணு இல்லம்மா."

வித்யா தானியேலுக்குப் பதில் எழுதினாள்: வேண்டாம், ஒன்பதே இருக்கட்டும். பிறகு கண்ணாடியை நிமிர்த்தத் தொடங்கினாள்.

இருபது நிமிடத்தில், கருகாத பாதியிலிருந்து அவளுடைய நான்கு மாதங்கள் கிடைத்தன.