பூரான் ரூட்

"நெட்டையன் பச்சை ஃப்ராடு டி!"

ஃபோன்ல கேப்டன் கொட்டாவி விட்டா. "காலங்காத்தால ஆரம்பிச்சுட்டியா? விடேன் அவன."

விடுறதா? மலை ரிலே டீம்ல மொத்தமே ஆறு எடம். லீவுல அவங்கவங்க ஊர் மேடு பள்ளத்துல ஓடணும். ஓடுன ரூட்டு, கிலோமீட்டரு எல்லாம் ஆப்ல எல்லாருக்கும் தெரியும். யாரு அதிகமோ அந்த ஆறு பேரு டீம். ஃபர்ஸ்ட் இயர் நெட்டையன் ஆறாவது. நான் ஏழாவது. எனக்கு இதான் கடைசி வருஷம். இத விட்டா ஜென்மத்துக்கும் கிடையாது.

"அவன் ரூட்டப் பாத்தியா? ஆத்தோரமா ஒரு கோடு. ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா கால் முளைச்சு பூரான் மாதிரி இருக்கு. எவனாவது அப்படி ஓடுவானா? வேகத்தப் பாரு, ஆமை ஓவர்டேக் பண்ணும். எவன் கையிலயோ ஃபோனக் குடுத்து அனுப்பிட்டு இவன் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறான்."

"வாய்க்கு ஒரு ரிலே வெச்சா நீ தனியாளாவே ஜெயிச்சுடுவ. சும்மா இருடி."

"கையும் களவுமா பிடிச்சுட்டுக் கூப்பிடுறேன்."

ரெண்டு மணி நேர பஸ். அவன் ஊர் ஆத்துப் பாலத்துல எறங்குனேன். ஆப்ல அவன் புள்ளி என்னப் பாத்துதான் நகந்து வருது. ரோட்டுல நெட்டையனக் காணோம்.

தபால் யூனிஃபார்ம்ல ஒரு அம்மாதான் வராங்க. தோள்ல பை. ஒரு கேட்டுக்குள்ள போய் லெட்டர் போட்டுட்டு ரோட்டுக்கு வராங்க. எதிர் வீட்டுக்குள்ள போறாங்க. திரும்ப ரோட்டுக்கு வராங்க.

ஆப்ல பூரானுக்கு ஒவ்வொரு காலா முளைக்குது.

"நில்லுங்க! பையில இருக்கிறது யாரு ஃபோன்?"

"எம் பையனோடது கண்ணு." மலை ஏறி எறங்குன மூச்சு அவங்களுக்கு இன்னும் அடங்கல. "நீ அவன் காலேஜா?"

"ஆமா. எங்க அந்த ஓட்டக்கார தொர? தூங்குறாரா?"

"படுத்திருக்கான்மா."

"தெரியும்! எனக்குத் தெரியும்!"

"லீவு விட்ட மூணாம் நாளு, இந்த ஆத்துப் பாறையிலதான் வழுக்கி விழுந்தான். தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. காலேஜ்ல யாருக்கும் சொல்லாதம்மான்னுட்டான்."

ஆப்ப மூடி ஃபோன உள்ள வெச்சேன்.

"செவுத்தப் பாத்தே கெடந்தான். சோறு எறங்கல. ஒரு நாள் அவசரத்துல என் ஃபோன்னு நெனச்சு அவனோடத எடுத்துப் பையில போட்டுட்டேன். ரெண்டுக்கும் ஒரே மாதிரி உறை. சாயங்காலம் அதப் பாத்துட்டு, 'அம்மா, நீ பதினோரு கிலோமீட்டர் ஓடியிருக்க'ன்னு சிரிச்சான் பாரு..." பையத் தோள் மாத்திக்கிட்டாங்க. "அன்னிலேருந்து இதத்தான் எடுத்துட்டு வரேன். காலையில படுத்தபடியே எனக்கு ரூட்டு போட்டுத் தரான். 'மலை வீடுங்கள மொதல்ல முடிச்சுடு, வெயில் ஏறிடும். அப்புறமா ஆத்தோரம் எறங்கு'ங்கிறான். இருபது வருஷமா நான் நடக்குற வழி. எனக்கே பாடம்!"

பஸ்ல ரெண்டு மணி நேரமா சேத்து வெச்சிருந்த வசவுல ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரல.

"லிஸ்டுல அவன் பேரு இருக்கணும் கண்ணு. எடம் போச்சுன்னு தெரிஞ்சா மறுபடி செவுத்துப் பக்கம் திரும்பிடுவான்." குரலத் தாழ்த்திக்கிட்டாங்க. "தப்புதான். அவனுக்கு அடுத்து ஒரு பொண்ணு இருக்காளாம். வாயி காது வரைக்குமாம். ஆனா மான் மாதிரி ஓடுவாளாம். அவளுக்கு அடுத்த வருஷம் கிடைச்சுடும்ல?"



"கிடைச்சுடும்மா."

பையக் குடுங்க, நான் தூக்குறேன்னேன். அரசாங்கப் பை, ஆருக்கும் தர மாட்டேன்னுட்டாங்க. சும்மா கூட நடந்தேன். ஆத்தோர வீடுங்க முடியுற வரைக்கும்.

பஸ் ஏறுனதும் கேப்டன் ஃபோன்.

"என்னடி, மாட்டுனானா?"

"இல்ல. அவன்தான் ஓடுறான். கண்ணால பாத்தேன். நான்தான் தப்பா பேசிட்டேன். டீம்ல அவனே இருக்கட்டும், விடு."



"உனக்குப் பொய் சொல்லக்கூட வருமா?"

"என்ன பொய்?"

"டீம்ல ஆறாவது பேரு உன்னோடதுடி. மூணு வாரமாச்சு. இரு, ஒண்ணு அனுப்புறேன். நீயே படிச்சுக்கோ."

நெட்டையன் அவளுக்கு எழுதுனத அப்படியே அனுப்பியிருந்தா.

'கேப்டன் அக்கா, கால் உடைஞ்சிருச்சு. என் எடத்துல வாயாடி அக்காவப் போட்டுடுங்க. கிலோமீட்டர் லிஸ்டுல மட்டும் என் பேரு கெடக்கட்டும். அதப் பாத்தாதான் நான் எழுந்து ஓடுவேன்னு அம்மாவுக்கு ஒரு நம்பிக்கை. வாயாடி அக்காகிட்ட இப்போதைக்கு மூச்சு விடாதீங்க. அடிபட்டவன் எடம் எனக்கு எதுக்குன்னு உங்ககிட்ட சண்டைக்கு வந்துடுவாங்க. அவங்க அப்படித்தான்.'