ஏரிக்கரை டீக்கடை

"அந்த போட்டோவ மட்டும் மாட்டாத மதி. உன்ன கையெடுத்து கும்புடறேன்."

திலகவதி டீச்சர் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி பெஞ்சின் மேல் கவிழ்த்து வைத்தார். அதற்கே மூச்சு வாங்கியது. முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மதிவதனிக்கு ஒன்றும் புரியவில்லை. மூடிக் கிடந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை நினைவு விழாவுக்காக இன்று ஒரு நாளைக்குத் திறக்க அவள் அலையாத அலைச்சல் இல்லை. ஒட்டடை அடித்து, பள்ளியின் கதையைச் சுவர் முழுக்க எழுதி ஒட்டியிருந்தாள். வாசலில் துணி போர்த்திய கல்வெட்டு. 'கடைசி வரை இப்பள்ளியைக் காத்த தலைமை ஆசிரியை' என்று அதில் டீச்சரின் பெயர் இருந்தது.

"இன்னா டீச்சர் நீங்க! நம்ம ஸ்கூல்ல பசங்க நெறைய இருக்கற ஒரே போட்டோ இதான். நடுவுல சேர்ல ஒக்காந்துகினு இருக்காரே, அந்த அன்புச்செல்வன் சார்தான் இன்னிக்கி சீஃப் கெஸ்ட்டு. வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன் வந்த ஆபீசரு. பாத்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு?"

"அவரு பாக்கக் கூடாதுன்னுதான்டி சொல்றேன்."

"ஏன்? ஆனா ஒண்ணு டீச்சர், பாதி பசங்க யாருன்னே தெரியல. எங்க தெருவுல காட்டினேன். ஒருத்தருக்கும் தெரியல."

"எப்படித் தெரியும்? அதுங்க நம்ம ஊரே இல்ல."

மதிவதனி வாயைப் பிளந்தாள்.

"நீதான் ஆரணிக்கு வேன்ல போன புள்ளையாச்சே, உனக்கு இன்னா தெரியும்? பாதி தறிக்காரங்க டவுனுக்கே குடி போய்ட்டாங்க. மீதி பேரு வூட்டுப் புள்ளைங்க வேன்ல. இன்ஸ்பெக்ஷன்ல தலை கொறஞ்சா ஸ்கூல மூடிடுவாங்க. வேற வழி? ஏரிக்கு அந்தாண்ட இருக்கற ஸ்கூல்லேர்ந்து பசங்கள கடன் வாங்கினேன்."

"பசங்கள... கடனா?"

"காலைல அந்த ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன். அத முடிச்சிட்டு சாரு டி.வி.எஸ்.ல ரோட்ட சுத்திகினு இங்க வருவாரு. நடுவுல ஏரிக்கரை டீக்கடை. அங்க ஒக்காந்தாருன்னா பேப்பர் முழுக்க படிச்சிட்டுதான் எழுந்துப்பாரு. அதுக்குள்ள பசங்க காஞ்சு கெடக்கற ஏரில எறங்கி குறுக்கால ஓடியாந்துடுவாங்க. இங்கேர்ந்து பாத்தா அவரு வண்டி கடையாண்ட நிக்கறது தெரியும். அந்த டீ பைத்தியந்தான் நம்ம ஸ்கூல காப்பாத்துச்சு."

மதிவதனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காலைல பாத்த மூஞ்சிங்க அவருக்கு அடையாளம் தெரியலயா?"

"பார்வை கொஞ்சம் மட்டு போலன்னு நெனச்சிகினேன். சிரிக்காதடி. என்ன நம்பி கையெழுத்து போட்ட மனுஷன். இன்னிக்கி நல்லா கண்ணாடிய போட்டுகினு இதப் பாத்து, 'இன்னா டீச்சர் இது'ன்னு ஊரு முன்னால கேட்டா? அந்தக் கல்லுல எம் பேரு எதுக்கு?"

"அப்பறம் ஸ்கூல எப்படித்தான் மூடினாங்க?"

"அவரு ரிட்டையர் ஆய்ட்டாரு. அடுத்து வந்தவரு எங்கயும் நிக்கல. நேரா வந்து எறங்கினாரு. பசங்க ஏரில பாதில வந்துகினு இருக்காங்க." டீச்சர் கையை விரித்தார். "அவ்ளோதான்."

வெளியே கார் சத்தம் கேட்டது. பள்ளி மைதானத்தில் தறிக்கான பட்டு நூல் பாவை நீட்டிக்கொண்டிருந்தவர்களை யாரோ விரட்டினார்கள். "சாரு வந்துட்டாரு! பாவச் சுருட்டுங்கப்பா, ஜல்தி!"

டீச்சர் எழுவதற்குள் தடியை ஊன்றிக்கொண்டு அன்புச்செல்வன் உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே ஊர்க்காரர்கள். அவர் நேராகப் பெஞ்சுக்கு வந்து, உட்காரப் போனவர், கவிழ்ந்து கிடந்த படத்தைக் கையில் எடுத்தார்.

"இத ஏன் கவுத்து வெச்சிருக்கீங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முன் வரிசையில் பல் விழுந்த ஒரு பையனிடம் வந்ததும் அவர் விரல் நின்றது.

"இவன் நல்லா பாடுவான் டீச்சர். அன்னிக்கி காலைல ஒரு தடவ பாடினான். மத்தியானமும் அதே பாட்ட பாடினான்."

டீச்சர் முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். வாசலில் இருந்த கல்வெட்டைப் பார்த்தார். துணியை இப்போதே எடுக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

பேச்சை மாற்ற வேண்டுமே என்று மதிவதனி டம்ளரோடு பாய்ந்து வந்தாள். "சார், சூடா டீ! அதே ஏரிக்கரை கடைலேர்ந்து வாங்கினு வந்தேன். உங்களுக்கு டீன்னா உயிராமே!"

அன்புச்செல்வன் படத்தைச் சுவர் ஆணியில் தானே மாட்டி, கோணல் இல்லாமல் நேராக்கினார். பிறகு டீச்சரைப் பார்த்துக்கொண்டே டம்ளரைக் கையால் மெல்லத் தள்ளினார்.

"வேணாம்மா. எனக்கு டீ பழக்கமே கெடையாது."