மூன்று வாரச் சாயம்

காலை மணி பத்தேகால். தோமோயே ஆரஞ்சுப் பழங்கள் நிறைந்த துணிப்பையை கிகுனோ அம்மாவின் முன் வைத்துக் குனிந்து வணங்கினாள். வட்டாரக் கூடத்தில் துணிப்பை கட்டச் சொல்லித்தர ஓர் ஆள் தேவை. அது யார் என்று முடிவு செய்யப்போவது மாதர் சங்கத் தலைவியான இந்த அம்மாதான்.

“இதுக்கு ஊசி நூல் வேண்டாமா?”

“கத்தரிகூட வேண்டாம்மா. மூலைகளை முடிஞ்சா பை, அவுத்தா மறுபடியும் துணி.”

“துணி எங்க வாங்கினீங்க?”

“வாங்கறதா? நானே சாயம் தோய்ச்சதும்மா. மூணு வாரம் கையெல்லாம் நீலம்.”

“அடடா. எங்களுக்கெல்லாம் கடைதான் கதி.”

கொண்டுவந்தவரிடமே துணியைத் திருப்பித் தருவதுதான் முறை. கிகுனோ அம்மா பழங்களைத் தட்டில் எடுத்துவைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே சுருண்டிருந்த மூலை விரிந்தது. அதில் வெள்ளை நூலால் ‘கிகுனோ’ என்று தைத்திருந்தது.

போன புத்தாண்டுக்கு இந்த வீட்டுப் பலகாரம் தன் வீட்டுக்கு இதே துணியில் சுற்றித்தான் வந்தது என்பது தோமோயேவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

கிகுனோ அம்மா துணியை நாலாக மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“பலகாரம் ஒரு அரக்குப் பெட்டியில வந்துச்சே தோமோயே, அதையும் நீங்களே செஞ்சு கொண்டுவர எத்தனை வாரம் ஆகும்?”