மேட்டில் வாங்கிய மூச்சு

"இன்னும் கொஞ்சம் மேடு ஏத்துக்கா," என்றான் தம்பி.

அக்கா பொத்தானை அழுத்தினாள். டிரெட்மில்லின் முன்பக்கம் முனகிக்கொண்டே உயர்ந்தது. இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, நாற்பதை நெருங்கும் முழங்கால். இயந்திரத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

தம்பி பக்கத்திலேயே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான். நின்றான் என்று சொல்வதுகூடத் தப்பு, கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்துக்கொண்டிருந்தான். காலைத் தேய்க்கிறாய் என்று கடிந்துகொள்வான், திரையில் வேகம் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்பான். அவளும் மூச்சிரைப்புக்கு நடுவே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஓட்டம். போன வருடம் கடைசிச் சுற்றில் அக்காவுக்கு மூச்சு முட்டியதில், அணியில் கிடைக்கவேண்டிய இடம் கைநழுவிப் போனது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் சரியாக இறங்கவில்லை, தூக்கமும் பிடிக்கவில்லை. கணவர் வேறு, வாசலில் அவள் தலையைக் கண்டதும் "சாம்பியன் வந்தாச்சு" என்று பிள்ளைகளிடம் கேலி செய்வார்.

தெருவில் ஓடினால் முழங்கால் வலிக்கிறதென்று, சில வாரங்களாக இந்த மேட்டில் வேகநடை போட்டுத்தான் ஈடுகட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. அன்றுதான் ஜிம்மில் வேலைக்குச் சேர்ந்திருந்த பயிற்சியாளரைக் கூப்பிட்டுக் கேட்டாள்: மேட்டில் நடப்பதும் சமதரையில் ஓடுவதும் ஒன்றுதானே? இரண்டிலும் நெஞ்சு ஒரே மாதிரிதானே படபடக்கிறது?

அவர் நல்ல மனிதர், ஆனால் ஒப்புக்குப் பேசத் தெரியாதவர். உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், வேகம்தான் வராது என்றார். மேடு மூச்சைப் பழக்குமாம். காலைச் சட்டுச்சட்டென்று எடுத்துவைக்கச் சமதரையில் ஓடித்தான் ஆகவேண்டுமாம்.

அக்காவின் முகம் தொங்கிப்போனது. இத்தனை நாள் சிந்திய வியர்வையெல்லாம் வீணா? இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தம்பியிடம், "என்னை விட்டுடுடா. வேற யாரையாவது பாத்துக்கோ," என்றாள்.

"ஓடினா நீதான். இல்லேன்னா ஓட்டமே வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிடிவாதத்தில் அப்படியே அப்பா.

அவள் மறுபடி இயந்திரத்தை ஓடவிட்டாள். மேட்டை முழுவதும் இறக்கினாள், வேகத்தை ஏற்றினாள், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் முழங்கால் பிடித்துக்கொள்ள, நொண்டிக்கொண்டே ஓடினாள்.

பயிற்சியாளருக்குப் பொறுக்கவில்லை. ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஏம்மா உடம்பை இப்படி வதைச்சுக்கறீங்க? அவருக்கு அவ்வளவு ஆசைன்னா அவரே ஓடட்டுமே."

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன்தாங்க ஓடறான். கண்ணு தெரியாதவன், கையைப் பிடிச்சுக்கிட்டு நான் கூடப் போறேன்."