கைராசி

ஆராய்ச்சி நிலைய இயக்குநரின் காரையே அனுப்பியிருந்தார்கள். ஆய்வுக்கூட வாசலில் பேராசிரியர் இருப்புக்கொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். உள்ளே விசாரணைக் குழுவினர் மூன்று பேரும் காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், அவங்க வராமலே ஆரம்பிச்சிடலாமா?" என்றாள் ஆராய்ச்சி மாணவி.

"வாயக் கழுவு! அந்தம்மா வராம நான் ஒரு பட்டனைக்கூடத் தொட மாட்டேன்."

கார் வந்து நின்றது. பேராசிரியரே ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். இறங்கியவர், அந்த ஆய்வுக்கூடத்தில் இருபது வருஷமாகக் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் அம்மாள். மகளின் பிரசவத்துக்கு லீவு போட்டுப் போய்ப் பத்து நாளாகியிருந்தது.

"பேத்தியக்கூட இன்னும் ஆசை தீரக் கொஞ்சலங்கய்யா. அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"தலைதாம்மா போகப் போகுது. என் தலை!"

மனுஷர் மிகைப்படுத்தவில்லை. மூளை செல்லின் சுவரில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. அவர் கண்டுபிடித்த மருந்து ஒரு சொட்டுப் பட்டால் போதும், கதவு படக்கென்று திறக்கும், உள்ளே உப்பு பாயும், கம்ப்யூட்டர் திரையில் கோடு துள்ளும். இருபது வருஷமாக அவருக்குப் பதவி, பரிசு, கைதட்டல் எல்லாம் அந்த ஒரு கதவால்தான்.

ஆனால் உலகத்தில் வேறு எந்த ஆய்வுக்கூடத்திலும் அந்தக் கதவு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. இன்று குழுவின் கண்ணெதிரே திறக்காவிட்டால், புளுகன் என்று முத்திரை குத்தி ஆய்வுக்கூடத்தையே இழுத்துப் பூட்டிவிடுவார்கள்.

கொடுமை என்னவென்றால், அம்மாள் லீவில் போன பத்து நாளும் இங்கேயும் கதவு திறக்கவில்லை. பேராசிரியர் தம் கையாலேயே பாத்திரம் கழுவிப் பார்த்தார். சுவரில் அவரே ஒட்டிய விதிமுறைப்படி, காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை, வேறு எதுவும் படாமல். மாணவி செல்லை மாற்றினாள், மருந்தை மாற்றினாள், மெஷினையே மாற்றினாள். கோடு செத்த பாம்பாகக் கிடந்தது.

பூனை குறுக்கே போனதென்று மனைவி ஒரு நிமிஷம் நின்றால், "படிச்சவதானா நீ?" என்று குதிக்கிற ஆசாமி அவர். அவரே நேற்று விஞ்ஞானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாம் அந்தம்மாளின் கைராசி!

"சார், இதெல்லாம் வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க" என்றாள் மாணவி.

"சிரிக்கட்டும். கதவு திறந்தா நானும் சேர்ந்து சிரிக்கிறேன்."

அம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னறைக்குள் போனார். அரை மணி நேரத்தில் குப்பிகள் பளபளவென்று வந்து சேர்ந்தன. பேராசிரியர் ஒரு குப்பியில் மருந்தைக் கரைத்து, செல்லின் மேல் ஒரு சொட்டு விட்டார்.

திரையில் கோடு துள்ளி எழுந்தது.

"திறந்துடுச்சு சார்!" என்று மாணவி கத்தினாள். இன்னொரு முறை செய்யச் சொன்னார்கள். திறந்தது. ஐந்து முறை செய்தார்கள், ஐந்து முறையும் திறந்தது. பேராசிரியருக்குக் கண் கலங்கிவிட்டது.

குழுத் தலைவர் ஏழு வருஷமாக அந்தக் கதவைத் தம் ஆய்வுக்கூடத்தில் தட்டித் தட்டித் தோற்றவர். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க சார். உங்களப் போய் சந்தேகப்பட்டுட்டேன். எங்க லேப்ல மட்டும் ஏன்தான் திறக்கலையோ!"

பேராசிரியர் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். சந்தோஷத்தில் தலைகால் புரிந்தால்தானே!

"உங்க லேப்ல இந்தம்மா இல்லையே சார்!" என்று பின்னறையிலிருந்து அம்மாளை அழைத்து வந்து நடுவில் நிறுத்தினார். குழுவே சிரித்தது.

தலைவரும் விளையாட்டாகப் பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன். பாத்திரம் கழுவுறதுல அப்படி என்ன ரகசியம்?"

அம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ரகசியமெல்லாம் ஒண்ணுமில்லங்கய்யா. கடைசியில ரொம்ப அலசிடக் கூடாது, அவ்வளவுதான். வாசனை போயிடும்."

"தண்ணிக்கு ஏதும்மா வாசனை?"

"தண்ணிக்கு இல்லங்கய்யா, சோப்புக்கு!"